அன்ரோனெற்றின் கண்மருந்து

நான் சோம்பேறி என்பது எங்கள் கீரிக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்க நான் ஒருநாளும் மினக்கெட்டதில்லை. ஐஸ் வியாபாரம், நண்டு வியாபாரம், கோழி வளர்ப்பு எல்லாவற்றையும் கைவிட்ட பிறகு ஊரில் எனக்கிருந்த பெயர், 'அன்ரோனெற் ரீச்சரின்ர மனுசன்'. மில்ரன் என்ற என் சொந்தப் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பிறகு அன்ரோனெற்றின் கண்கள் சிவந்தன. வெளிச்சம் குத்துகிறது என்றாள். கரும்பலகையில் தான் எழுதியதையே அவளால் வாசிக்க முடியவில்லை. கண்ணுக்குள்ளே அழற்சி, அபூர்வமான வகை என்றார் டொக்டர். முழுதாக மாறாது, மருந்தால் அடக்கி வைக்கலாம். மருந்தைத் திடீரென்று விட்டால் பார்வை போகலாம். அதை என்னிடம்தான் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவளைக் கைபிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போனேன். சனம் வழிவிட்டது. சுவாமி பிரசங்கத்திலேயே, "மில்ரனைப் பாருங்கோ, மனுசன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்றார். என் முகத்தில் ஒரு புனிதரின் களை வந்துவிட்டதை நானே கண்ணாடியில் பார்த்தேன்.

துளிமருந்து வேலை செய்தது. ஒருநாள் காலை அவள் என்னை உற்றுப் பார்த்து, "சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்" என்றாள். பார்வை திரும்பியதும் அவள் கண்ட முதல் காட்சி அதுதான். இருவரும் சிரித்தோம். பிறகு சொன்னாள்: "இனி நான் தனியப் பள்ளிக்கூடம் போவன். நீங்கள் ஒரு வேலையைப் பாருங்கோ."

அன்று மத்தியானமே மருந்தைக் கொட்டிவிட்டுப் போத்தலில் உப்புத்தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். கண் விஷயத்தில் சுத்தம் முக்கியம்.

"இஞ்சருங்கோ, முந்தி மருந்து விட்டால் தொண்டையில கசக்கும். இப்ப உப்புக் கரிக்குது."

"உடம்பு தேறத் தேற ருசியும் மாறும்" என்றேன். அவள் நம்பினாள். கண் மறுபடி சிவந்தது. வலியில் அவள் சுவரில் தலையை முட்டினாள். தலையை ஆதரவாகப் பிடித்து, இன்னும் இரண்டு துளி விட்டேன். அந்த ஞாயிறு கோயிலில் சனம் இன்னும் அகலமாக வழிவிட்டது.

கிளினிக்கில் தாதி முஸ்பிராவிடம் அவள் அந்த உப்புக் கரிப்பைச் சொல்லிவிட்டாள். முஸ்பிரா போத்தலை வாங்கிக் குலுக்கினாள். பால்போல வரவேண்டிய துளி தெளிவாக விழுந்தது.

"இதுல என்னத்த ஊத்தி வச்சீங்க?"

"உப்புத்தண்ணி" என்றேன். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

அன்ரோனெற் என் கைக்குள் இருந்த தன் கையை மெல்ல எடுத்தாள். சுவரைத் தடவித் தடவித் தனியாக வெளியே நடந்தாள்.

இடது கண் போய்விட்டதாம். வலது கண்ணை மருந்தால் காப்பாற்றலாமாம். தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். கேள்விப்பட்டதும் அழுதேன், உண்மையாகவே அழுதேன். இப்போது இந்த மறியல் கம்பிகளுக்குப் பின்னால் என் கவலை ஒன்றுதான். ஒற்றைக் கண்ணோடு கோயில் றோட்டைக் கடப்பது ஆபத்து. பாவம், நான் வெளியே வரும்வரை அவள் யாரை நம்பி இருப்பாள்?