சாம்பல் தொட்ட நூடுல்ஸ்

இரவு ஏழே முக்கால். திருப்பருத்திக்குன்றம் தாண்டினால் ரோட்டில் ஒரு விளக்கு கிடையாது… அந்த இருட்டுக்கு நடுவே சிவப்புக் காகித விளக்கு தொங்கவிட்ட ஒரு சைனீஸ் நூடுல்ஸ் கடை. இன்னும் நெருங்கி உட்காருங்கள், நான் கத்திப் பேச மாட்டேன். என் நண்பன் வேல்முருகனுடைய சித்தி மகன் தினேஷுக்கு நடந்தது இது. வேல்முருகன் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

தினேஷ் வீட்டில் நாலு தறி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று தீர்ந்தால், அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளைப் பிணைக்க அம்சவேணி வருவாள். விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வோர் இழையாக முறுக்குவாள். ஒருநாள் ஜரிகை நூல் சுற்றிய கண்டு ஒன்று காணாமல் போனது. எடுத்து விற்றவன் தினேஷ். பழியை அவள் மேல் போட்டான். அதோடு விட்டானா?

"வாயத் தொற, அக்கா. உள்ள அடக்கி வெச்சிக்கினு இருக்குற."

எல்லார் எதிரிலும் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். அவள் மிச்சமிருந்த இழைகளையும் பிணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்… அன்றைக்கே தூக்கில் தொங்கினாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, நம்ம தினேஷ் துரை தன் கல்யாண நாளுக்கு அந்த நூடுல்ஸ் கடையில் விருந்து வைக்கிறார். அவன், அவன் மனைவி மஹாலட்சுமி, வேல்முருகன். மூன்று தட்டு சிக்கன் நூடுல்ஸ்.

உள்ளே வாணலியில் கரண்டி… டங்… டங்… மூக்கில் ஏறும் வினிகர் நெடி. தினேஷின் தட்டு வந்ததும் அந்த நெடி போய்விட்டது. அடுப்புச் சாம்பல் வாசனை.

ஒரு வாய் உறிஞ்சினான். ஓர் இழை மட்டும் உதட்டில் தொங்கியது. கடித்தான், அறவில்லை. அப்புறம் அது வெளியே வர ஆரம்பித்தது… மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி, வாசலைத் தாண்டி, இருட்டுக்குள். ஒரு இழுப்பு… ஒரு நிறுத்தம்… ஒரு இழுப்பு…

"இன்னாடா இது, வந்துக்கினே இருக்குது?" என்று வேல்முருகன் குனிந்து பார்த்தான். சாணுக்கு ஒரு முறுக்கு. முறுக்கில் சாம்பல். வேல்முருகன் வீட்டுத் தறிக்கும் அம்சவேணிதான் பிணைப்பாள்.

"அம்சாக்கா கைடா இது."

மஹாலட்சுமி கல்லாவில் கத்தரிக்கோல் வாங்கி வந்து இழையை நறுக்கினாள். வெட்டுப்பட்ட இரண்டு நுனிகளும் மேஜைமேல் கிடந்தன. மெல்லப் புரண்டன… ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன.

தினேஷ் அழுதுவிட்டான். "நாந்தான் எடுத்தேன்க்கா… உட்ருக்கா…"

விடவில்லை. ஏன் விட வேண்டும்? அவன் விரலை அவள் வாயிலிருந்து எடுக்கச் சொல்லி அன்றைக்கு யாராவது வந்தார்களா?

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை இழுப்பு… நிறுத்தம்… இழுப்பு. வண்டிச் சத்தம் கேட்கிற நேரத்தில் கடைசி நுனி அவன் உதட்டை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. அவன் தட்டில் நூடுல்ஸ் அப்படியே இருந்தது. ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

மறுநாள் தினேஷைப் பாடையில் வைக்க நாலு பேர் குனிந்தார்கள். தலைப்பக்கம் கை கொடுத்தவன் வேல்முருகன். மற்ற மூன்று பேரும் தொடுவதற்கு முன்பே முழு உடம்பும் அவன் கையோடு வந்துவிட்டது.

ஒரு பட்டுப்புடவை கனம்தான் இருந்ததாம்.