அந்த அக்கா பேசிய வசனம்

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. பால் பொங்குகிற வரைக்கும் அடுப்புப் பக்கத்தில் நிற்க முடியாது. இப்படிப்பட்டவனிடம்தான் ஒரு இணைய இதழில், மெதுவாக நகரும் ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றைக் கொடுத்து, முதல் மூன்று பாகம் பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கதை இவ்வளவுதான். மலையடிவாரத்து வீட்டில் ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்கா படுத்த படுக்கை. தங்கை வீடு வீடாகத் தபால் கொடுப்பவள். முதல் பாகத்தில் பதினோரு நிமிடம் மழை பெய்கிறது. தங்கை நனைந்த சாக்ஸைக் கழற்றுகிறாள். நான் இரண்டு கொட்டாவி விட்டேன்.

என் அண்ணன் அழுதார். தியேட்டரில் முப்பது வருஷம் ஆபரேட்டராகப் படம் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அன்றிலிருந்து என் வீட்டு முன்னறையில்தான் அவர் கட்டில். தொடரில் பேசுகிற ஜப்பானியக் குரல்களை அவர் கேட்பார், கீழே ஓடும் தமிழ் சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்வேன். மழை வரும்போது மட்டும் வாயை மூடச் சொல்வார்.

முன்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே ஒரு மேஜை போட்டால் நான் பெரிய எழுத்தாளனாகிவிடுவேன் என்று எனக்கொரு நினைப்பு. சமையலறை மூலையில் கிடப்பதால்தான் என் திறமை வெளியே தெரியவில்லையாம். ஊருக்கு வெளியே பார்வையில்லாதவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, சுத்தமான இடம். அதை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை.

இரண்டாம் பாகத்தில் சும்மா ஒரு வரியை மாற்றி வாசித்துப் பார்த்தேன். சூப்பில் உப்பில்லை என்கிற இடத்தில், சூப்பே இல்லை, வெந்நீர்தான் என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பரவாயில்லையே, நமக்கும் எழுத வருகிறதே என்று உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தில் அக்கா, நான் உனக்குப் பாரமா என்று கேட்கிறாள். நீ இருக்கிறதால்தான் நான் வீடு திரும்புகிறேன் என்கிறாள் தங்கை. திரையில் இருந்தது அது. நான் வாசித்தது வேறு. மலைக்கு மேல் ஒரு விடுதி இருக்கிறதாம், நான் அங்கே போய்விடுகிறேன், நீ உன் வாழ்க்கையைப் பார் என்று அக்கா சொல்வதாக வாசித்தேன். முந்தின நாளே தனியாகப் பார்த்து, எழுதி, மூன்று தடவை திருத்தி வைத்திருந்தேன். வாரா வாரம் வந்து பார்க்கிறேன் என்று தங்கைக்கும் ஒரு வரி.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். நான் எழுதியதையே ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன்.

மறுநாள் காலையில் தடவித் தடவித் தன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். தனக்கும் அப்படி ஒரு இடம் பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். நாகரிகத்துக்கு அது போதும் என்று தோன்றியது.

அண்ணன் அந்த இல்லத்துக்குப் போனார், மேஜை வந்தது. மூன்று வாரமாக ஒரு வரி வரவில்லை. வாரா வாரம் என்று எழுதியவன் நாலாவது வாரம்தான் அவரைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு போறேன்னு சொல்லலடா. முப்பது வருஷமா நடிக்கிறவங்க குரலைக் கேட்டுட்டே வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? நீ மனசு மாறி நிஜத்தைப் படிப்பேன்னுதான் மறுபடி போடச் சொன்னேன். அதையே படிச்சே. சரின்னு கிளம்பிட்டேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் கட்டுரையை முடித்தேன். மெதுவான தொடர், ஆனால் மனதைத் தொடுகிறது என்று எழுதினேன்.

எதையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அண்ணனைப் போ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது அந்த அக்கா.