விளம்பரம் இல்லாத இரண்டு மணி நேரம்

எனக்கு சீரியல் பார்க்கும் பழக்கம் கிடையாது, ஐயா. சேனல்காரர்கள் புகார் கொடுக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளும் இல்லை. செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்வேன். லேப்டாப்பில் விளம்பரங்களை வெட்டிவிட்டு, மைன்ஸில் என்னோடு ஷிப்ட் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். விளம்பரத்தைத் தாண்டிப் பார்த்தால் சேனலுக்கு நஷ்டமாம். இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் புகாரில் இல்லாத ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி பொற்கொடி பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தாள். கண் மட்டும் அசையும். எச்சில்கூட விழுங்க வராது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால் மணிக்கொரு தடவை வாயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

நான் ஷிப்டில் இருக்கும்போது பக்கத்து குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள்தான் பார்த்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க அவர் வீட்டில் சீரியல் ஓடும்.

"விளம்பரம் போட்டா ஓடியாந்து பாத்துக்கினு போறேன். நீங்க கவலப்படாம போங்க தம்பி" என்பார்.

சொன்னபடி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வருவார். ஒரு நாளும் தவறியதில்லை.

எனக்குத்தான் அலுத்துப்போயிற்று. அழக்கூடத் தெம்பில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? பொற்கொடி என்னையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அனுப்பிவிடு என்று கேட்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் கஸ்தூரியம்மாள் ஒரு வாரம் மகள் வீட்டுக்கு முத்தாண்டிக்குப்பம் போயிருந்தார். அந்த வாரம் நான் லீவு போட்டேன். அவர் பார்க்காமல் விட்ட ஒரு சீரியலின் அந்த வார எபிசோடுகளையெல்லாம் பதிவு செய்து, திரும்பி வந்த மறுநாள் காலையில் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். விளம்பரம் ஒன்றுகூட இல்லாதபடி நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் தம்பி" என்றார்.

மத்தியானம் அவர் வீட்டில் அந்தச் சீரியலின் பாட்டுச் சத்தம் கேட்டதும் பொற்கொடியை மல்லாக்கப் படுக்க வைத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவள் கண் அங்குமிங்கும் வேகமாக அசைந்தது. விடை கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன்.

கஸ்தூரியம்மாளை விசாரிக்க வேண்டாம், ஐயா. அவர்மேல் தப்பே இல்லை. விளம்பரம் வந்ததும் எழுந்து போகலாம் என்றுதான் அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.