அம்மா நம்பர்

– என்னக்கா, புக்கிட் பெலிம்பிங் ரொட்டிக் கடையில இவ்ளோ அன்பா விசாரிக்கிறீங்க! ஆமா, நான் நர்ஸ். வெளிநாட்டு அகதி முகாமுக்குத் தொண்டு செய்யப் போறேன். பயிற்சியில பாஸானா அடுத்த வாரம் பிளேன்.

– பாஸாகாம என்ன, புள்ள? மொகத்துலயே களை சொட்டுது!

– ரெண்டு தடவ கோட்டை விட்டுட்டேன்க்கா. தெரியாதவங்க அன்பாப் பேசினா எல்லாத்தையும் கொட்டிடறேனாம். இன்னொரு தடவ கொட்டினா வீட்டுலயே இருன்னுட்டாங்க.

– யா அல்லாஹ்! மனுசங்ககிட்டப் பேசாம செம்பன மரத்துகிட்டயா பேசறது?

– அதத்தான் நானும் கேட்டேன்!

– பேரென்ன, தங்கம்?

– மாலா.

– வீடு?

– செகிஞ்சான். வயலுக்குப் பக்கத்துல, பச்ச கேட்டு. அப்பா இல்ல. அம்மா மட்டுந்தான்.

– தனியாவா? ஐயோ பாவம்! நம்பர் குடு புள்ள, நான் அப்பப்ப விசாரிச்சுக்கறேன்.

– எழுதிக்குங்க. சுழி மூணு... மூணு... ரெண்டு... ம்ம்... எட்டு...

– ஏன், என் மொகத்தப் பாக்காம மேல ரொட்டி விலை போர்டையே பாக்கற?

– போன்ல பேர அமுக்கியே பழக்கம்க்கா. யோசிச்சாத்தான் வருது. ...ஒம்போது, ஒம்போது, ஏழு, நாலு, அஞ்சு. அவ்ளோதான்.

– சரி. இப்ப அழாமக் கேக்கணும். நான் கடைக்காரி இல்ல. இது என் தம்பி கிஃபாயத்துல்லா கடை. நான் ஹமீதா, உங்க ஆபீஸ் ஆளு. செவப்புப் பையோட ஒரு பொண்ணு வரும், பேச்சுக் குடுத்துப் பாருன்னாங்க. உன் பேரு கூடச் சொல்லல. இதுதான் உன் மூணாவது பரீட்ச.

– ஐயய்யோ!

– என்ன ஐயய்யோ? பேரு, பச்ச கேட்டு, தனியா இருக்கிற அம்மா, எல்லாம் இந்தச் சீட்டுல! எவனாச்சும் 'ஒம் மவ எங்க கையில'ன்னு ஒரு போன் போட்டாப் போதும்லா. பிளேன மறந்துடு.

– சரிக்கா. ஒரே ஒரு சந்தேகம். எந்தக் கடையிலயும் உக்காந்த உடனே 'தண்ணி என்ன, டீயா காப்பியா'ன்னு கேப்பாங்க. இருபது நிமிஷமாச்சு, நீங்க கேக்கவே இல்லையே?

– அது... மறந்துட்டேன். பேச்ச மாத்தாத! உங்கம்மாகிட்ட நானே சொல்லிடறேன், இரு.

– அடிக்குதாக்கா?

– அடிக்குது, எடுக்கல. சே, இந்த நேரம் பாத்து கல்லாப்பெட்டிகிட்ட தம்பி கடை போனும் கத்துது!

– எடுங்கக்கா, எங்கம்மாதான், ரொட்டி போர்டுக்கு அடியில எழுதியிருக்கிற நம்பரு. மாலான்னு இங்க யாரும் இல்லேன்னு சொல்லிடுங்க.