ஐயாயிரத்து நாற்பது இழை

சேலத்திலிருந்து ஜலகண்டாபுரம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓர் இளம் தம்பதியர் அமர்ந்திருந்தனர். "பதினொண்ணால மட்டும் வகுபட மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்று கணவர் புலம்பியதும் நான் புத்தகத்தை மூடினேன்.

அவர்களுடையது நெசவுக் குடும்பம் என்பது பேச்சில் தெரிந்தது. ஆண்டுதோறும் அம்மனுக்கு நெய்யும் சேலையில், வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் சம அகலமாகப் பட்டை போடுவார்களாம். நீளவாட்டில் ஓடும் பாவுக்கு எப்போதும் ஐயாயிரத்து நாற்பது இழைதான்.

"ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சமே வராது அம்மணி. அதுக்குன்னே வெச்ச கணக்கு. அப்பா மாத்த உடமாட்டாரு."

"பதினொண்ணாவது ஆளா நான் வந்தது தப்புங்களா?"

"தப்பில்ல. ரெண்டு இழை மிஞ்சுது, அத வேணா உனக்குத் தரச் சொல்றேன்."

"ரெண்டு இழையில உங்க மீசையக்கூட நெய்ய முடியாதுங்க!"

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகுந்த வீட்டில் ஒரு பெண்ணின் இடத்தை ஓர் எண்ணா தீர்மானிப்பது? இந்த ஆண்டு விடுபட்டால் அதுவே வழக்கமாகிவிடாதா?

மனைவி குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, பன்னெண்டால வகுத்தா?"

"நானூத்தி இருவது. சுத்தமா வரும். ஆனா பன்னெண்டாவது ஆளுக்கு எங்க போறது?"

மனைவி கணவரின் கையை எடுத்துத் தம் வயிற்றின்மேல் வைத்தார்.

"நெசமாவா, சாமி!"

அந்தக் கூச்சலைக் கேட்டு, யாரோ நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள் என்று நினைத்த நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டார். அது மீண்டும் கிளம்பியபோது, இரண்டு பட்டைகளுக்கும் என்ன நிறம் போடுவது என்று இருவரும் சண்டையிடத் தொடங்கியிருந்தார்கள்.