பின்சீட்டுக்கு அடியில்

டீயில ஆடை மிதந்தா எனக்கு ஆவாது சார். வடிகட்டிக் குடுத்தா குடிச்சிடுவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். வீட்ல என் தட்டை நான்தான் கழுவுவேன், இன்னொருத்தரைத் தொட வுடமாட்டேன். செவிலிமேட்டுல என் மெக்கானிக் ஷெட்டை வந்து பாருங்க, தரையில ஒரு சொட்டு ஆயில் இருக்காது. கோதண்டபாணி ஷெட்டுல இலை போட்டுச் சாப்பிடலாம்னு சொல்லுவாங்க.

சத்யராஜ் வண்டியப் பத்திக் கேட்டீங்க. சொல்றேன்.

பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ள இருக்குது. அவனோட பழைய காருக்கு டேங்கு பின்சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கி, மூடியக் கழட்டி, குனிஞ்சி மூஞ்சிய உள்ள வெச்சாத்தான் வேலை நடக்கும். பம்பு பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் சூடாவாம ஓடும். எப்பவும் அரை டேங்கு வெச்சிக்கோப்பான்னு எத்தினி வாட்டி சொல்றது. அவன் ரிசர்வ் லைட்டு எரிய எரியத்தான் ஓட்டுவான். பம்பு போவும், என்கிட்ட வருவான், நான் குனியணும்.

அவன் நெசவுக்காரங்களுக்குப் பாவு ரெடி பண்ணிக் குடுக்கிறவன். பாவு நூலு வெறைப்பா நிக்கப் போடுற அரிசிக் கஞ்சியக் குடத்துல ஊத்தி அந்தப் பின்சீட்டுல வெச்சித்தான் எடுத்துக்கினு போவான். மூடி கெடையாது. தளும்பித் தளும்பி சீட்டு பஞ்சுல எறங்கி, புளிச்சி, நூல் நூலா தொங்கிக்கினு இருக்கும். அதுல கரப்பான் குஞ்சு. அதே சீட்டுலதான் அவங்கம்மா நீலாம்பாளும் படுத்துக்கினு போவாங்க. ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. செவ்வாயும் வெள்ளியும் பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிக்கினு வரணும். திரும்பி வரும்போது வாந்தி எடுப்பாங்க. கஞ்சி, அதும்மேல வாந்தி, அதும்மேல பெட்ரோல் வாடை. சீ, இப்பக்கூட சொல்லும்போது குமட்டுது. அவன்கிட்ட மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், மனுசன் கை வெக்கிற எடமாப்பா இது, கழுவி எடுத்தாப்பான்னு. சரிண்ணேம்பான். கழுவமாட்டான்.

இந்த வைகாசியில பெருமாள் கருட சேவை செவ்வாக்கிழமை வந்துது. கூட்டம்னா கூட்டம், ரோட்டையெல்லாம் மறிச்சிட்டாங்க. அவன் வண்டி தெருவ வுட்டு வெளிய வரமுடியல. அவங்கம்மாவுக்கு அன்னிக்குக் காலையில குடுத்த ஆஸ்பத்திரி முறை தவறிப்போச்சு, அடுத்தது வெள்ளிக்குத்தான். ரோட்டைத் தொறந்ததும் மத்தியானம் நேரா என்கிட்ட வந்துட்டான்.

"அண்ணே, சூடானா வண்டி நின்னு நின்னு போவுது. வெள்ளிக்கிழமை கண்டிப்பா போயாவணும்ணே. இன்னொரு வாட்டி தவறினா அம்மாவுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. புது பம்பே போட்டுடுங்க."

புது பம்பு வாங்கியாந்து வெச்சேன். சீட்டைத் தூக்கினேன். மூடிகிட்ட குனிஞ்சேன். ஒரு கரப்பான் என் மேலுதட்டு மேல ஏறி மூக்கு வரைக்கும் வந்துச்சு. பின்னாடி போயி வாந்தி எடுத்தேன் சார், நானு. மூணு வாட்டி சோப்பு போட்டு மூஞ்சி கழுவினேன். திரும்பி வந்து சீட்டை அப்படியே எறக்கிட்டேன்.

சாவியத் திருப்பினா பம்பு ரெண்டு செகண்டு 'ங்ங்'ன்னு ஓடும். பழைய பம்பும் ஓடிச்சி, நடுவுல ஒரு கரகரப்போட. முப்பது நாப்பது நிமிசம் ஓடி சூடானா நின்னுடும், அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சிபோச்சு. புதுசு போட்டாச்சுப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன். புது பம்பு அட்டைப்பெட்டியோட அலமாரியில இருந்துது. நடுரோட்ல வெயில்ல நின்னாத்தான் இவனுக்குப் புத்தி வரும்னு நெனச்சேன். அவங்கம்மாவும் பின்னாடி இருப்பாங்கன்னு தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும் சார்.

வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும். அப்பத்தான் டீ வந்துது. போன் அடிச்சான்.

"அண்ணே, சுங்குவார்சத்திரம் தாண்டி நின்னுடுச்சிண்ணே. அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. 108-ஐக் கூப்பிடட்டுமாண்ணே?"

அவன் பேசப் பேச பின்னாடி அவங்க ஓங்கரிக்கிற சத்தம் கேட்டுது. என் காதுக்குள்ளயே வாந்தி எடுக்கிற மாதிரி இருந்துச்சு. கையில டீ வேற. சீக்கிரம் போனை வெச்சாப் போதும்னு இருந்துது.

"வேணாம்பா. அரை மணி நேரம் ஆறவுடு. தானா ஸ்டார்ட் ஆவும்," அப்படின்னு வெச்சிட்டேன். மறுபடியும் நாலு வாட்டி அடிச்சான், எடுக்கல. அந்த டீயக் கீழ ஊத்திட்டேன்.

அரை மணி நேரத்துல வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நான் சொன்னது சொன்னபடி ஆச்சு. அவங்கம்மாதான் இல்ல.

காரியம் முடிஞ்ச மறுநாள் மொட்டைத் தலையோட வண்டிய எடுத்தாந்தான். பம்பை இன்னொரு வாட்டி பாத்துடுங்கண்ணேன்னான். ஒரு கோவம் கெடையாது அவன்கிட்ட. மூக்கைப் பிடிச்சிக்கினு சீட்டைத் தூக்கினேன். உள்ள பளிச்சின்னு இருந்துது. சீயக்காய் வாசனை. மூடி மேல ஒரு பழைய பொடவையத் தொவச்சி, மடிச்சி போட்டிருந்துது.

"அம்மாதாண்ணே. வியாழக்கிழமை மூச்சு வாங்க வாங்க உக்காந்து தேய்ச்சாங்க. நான் பண்றேம்மான்னேன், கேக்கல. 'பாணிக்கு நாத்தம் ஆவாதுடா, பாவம், அடுத்த வாட்டி அந்தப் புள்ள எப்படி கை வெக்கும்'னாங்க."

எனக்குக் கோவந்தான் வந்துச்சு சார். இத ஒரு வாரம் முன்னாடி பண்ணியிருந்தா அந்தம்மா இன்னிக்கி இருந்திருப்பாங்க.

அலமாரியிலேர்ந்த புது பம்பை எடுத்து மாட்டினேன். இருவது நிமிச வேலை. இதுலதான் ஒரு தப்பு பண்ணிட்டேன். எந்த பம்பு மாட்டினாலும் ஸ்குரூ டிரைவரால அதும்மேல தேதியக் கீறிடுவேன். இருவது வருசப் பழக்கம். கழட்டின பம்பைத் தொடச்சி பெஞ்சு மேல வெச்சிருந்தேன். அவன் சும்மா கையில எடுத்துத் திருப்பினான். போன வருசம் ஐப்பசியில நான் கீறின தேதி, வைகாசி இல்ல.

கட்டை வெரலால அந்தத் தேதியத் தேய்ச்சிப் பாத்தான். கத்துவான், அடிப்பான்னு நெனச்சேன். மெதுவாத்தான் கேட்டான்.

"அன்னிக்கு ரோட்ல நின்னப்ப ஏதாச்சும் வழி இருந்துதாண்ணே?"

இருந்துதுன்னு சொன்னேன். டேங்குக்கு அடியில கட்டையால நாலு தட்டு தட்டியிருந்தா அந்த பம்பு ஓடியிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்னு சொன்னேன்.

அவன் கேட்டான், நான் உள்ளதச் சொன்னேன். தொழில்ல நான் பொய் சொல்றதில்ல சார்.