ஐஸ் பக்கட் சாயம்

ரத்தம் இல்லீங்கண்ணே, பயந்துறாதீங்க. ஐஸ் பக்கட் சாயம். வெறும் ஐஸ் எங்க தேயிலத் தோட்டத்துல ஏது? ஸ்கூல் பிள்ளைங்க உறிஞ்சுற செவப்பு ஐஸ் பக்கட்டுதான் கடையில இருந்துச்சு. இருந்த அம்புட்டையும் வாங்கிப் பைக்குள்ள போட்டேன், ஒண்ணு வெடிச்சு ஒழுகுது. உங்க காச்சட்டையில பட்டுருச்சா? நுவரெலியா போக இன்னும் எம்புட்டு நேரமாகுங்க? பன்னெண்டுக்குள்ள ஆஸ்பத்திரியில ஜீவராஜுக்கு இத குடுத்தாகணும். இந்த டிரைவரப் பாருங்க, சாவு ஊர்வலம் மாதிரி ஓட்டுறான். போயி கழுத்த நெரிச்சிருவேன் போல இருக்கு.

இல்ல இல்ல, ஒக்காந்துட்டேன். கோவம் வந்தா நான் மனுசன் இல்லண்ணே.

ஜீவராஜா? எங்க லயத்து வரிச வீட்டுல அடுத்த காம்பரா. நடுவுல ஒரு செவரு, அதுவும் கூர வரைக்கும் கெடையாது. அவங்க கறி எங்களுக்கு, எங்க கரண்டு அவங்களுக்கு. கேட்டு எடுக்குற பழக்கம் எங்க லயத்துல இல்ல. சின்னதுலேருந்து ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். எல்லாம் காசு குடுக்காத களவு கொப்பிதான். ஒரே ஒரு கேம மட்டும் ஒழுங்கா வாங்கி வெளாடணும்னு ஆச. கப்பல் சண்ட. பொங்கலுக்கு வருதுன்னான் கம்பெனிக்காரன். அப்புறம் சித்திர வருசம்னான். அப்புறம் ஆடின்னான். அவன் ஒவ்வொரு தடவ தள்ளிப் போடுறப்பவும் நான் எதையாவது ஒடச்சேன். கதிர, மவுஸு, எங்க தகரக் கதவு. தீபாவளி கழிஞ்சுதான் வந்துச்சு. ரெண்டு பேரும் காசு போட்டு ஒண்ணு வாங்குனோம், தொறக்குறதுக்கு ஒரு கோட் நம்பர் குடுத்தான்.

வந்தும் சீவன எடுத்தான். ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் நீ கள்ளனா இல்லையான்னு நெட்டுல போயி கேட்டுட்டு வருவான். பனி மூட்டம் எறங்குனா சிக்னல் போயிரும், கேமும் போயிரும். காசு குடுத்து வாங்குன எங்களுக்குத்தான் பூட்டு. களவு கொப்பி வச்சிருக்கவன் நிம்மதியா வெளாடுறான். இது என்னா ஞாயங்க?

இன்னைக்கு ஞாயித்துக் கெழம, வேல இல்ல. காலையில கேம போட்டுட்டு ஒக்காந்தேன். நான் தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறவன். நாளைக்குப் புது மலையில வெட்டு, அதனால கேம் தொறக்குற வரைக்கும் கத்திய தீட்டிக்கிட்டு இருந்தேன். தொறக்கல. உங்க கோட் நம்பர வேற ஆளு பாவிக்கிறாங்க, இனி இது ஓடாதுன்னு வந்துச்சு. எனக்கு கண்ணு இருட்டிருச்சு. கோட் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. செவத்துக்கு மேலால கறி குடுக்குற மாதிரி குடுத்துட்டானோன்னு நெனச்சேன். கூப்பிட்டுக் கேட்டேன், யாருக்குடா குடுத்தன்னு.

அவன் எப்பவும் பகிடிக்காரன். லயம் பூரா குடுத்துட்டேன்டா, கங்காணி கூட வெளாடுறாருன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே என்னான்னு பாக்க கீபோட்டுல கைய வச்சான்.

கவ்வாத்துக் கை ஓங்குனா நிக்காதுங்கண்ணே. ஒரே வெட்டுல தேயிலக் கெளையச் சாய்க்கிற கை. அவன் என் மூஞ்சியத்தான் பாத்தான். அவங்கம்மா போட்ட சத்தத்துல நான் ஓடுனேன். தேயிலைக்குள்ள பூந்து மலை உச்சி வரைக்கும் ஓடுனேன்.

அங்கதான் சிக்னல் நல்லா கெடைக்கும். போன் கிணிங்னு அடிச்சுது. கம்பெனிக்காரன். எங்க பக்கத்துப் பெழ, ஒலகம் பூரா எல்லாருக்கும் பூட்டிக்கிச்சு, மன்னிச்சுக்குங்க, நாளைக்குத் தொறந்துரும்னு போட்டிருக்கான்.

ஜீவராஜு யாருக்கும் குடுக்கலண்ணே.

எறங்கி வந்தேன். அதுக்குள்ள தோட்டத்து லொறியில அவன ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல ஒருத்தரும் இல்ல. டிஸ்பென்சரி ஐயாவுக்குப் போன்ல கோல் எடுத்தேன். நாலு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு போனா தைக்கலாம், நல்ல துணியில சுத்தி ஐஸுக்குள்ள வையின்னாரு. குடுத்துட்டு நானே பொலிசுக்குப் போயிருவேன்.

நானுஓயா தாண்டிருச்சா? எறங்குறப்ப இந்தப் பைய கொஞ்சம் புடிச்சுக்குங்கண்ணே. சாச்சுறாதீங்க. ரெண்டு வெரலும் உள்ள இருக்கு.